பெட்டியாக வந்த வீடு

வானை வாங்கியபோது சாவியோடு ஒரு கொப்பியும் தந்தார்கள். தந்தவர் முதல் உரிமையாளரின் மனைவி. கணவர் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் தொழிலாளி. நான் போவதற்கு ஒரு வருடம் முன்னர் காலமாகிவிட்டார். 1978ஆம் ஆண்டு வான் எடுத்த நாளிலிருந்து அடித்த பெற்றோல், மாற்றிய எண்ணெய், படுத்துறங்கிய ஊர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இந்த வானின் ஓட்டமானியில் ஐந்து இலக்கம்தான் உண்டு. ஒரு லட்சம் கிலோமீற்றர் ஆனதும் மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். எத்தனை முறை சுற்றியது என்பது கொப்பிக்குத்தான் தெரியும். 2003இலிருந்து அதில் நான் தமிழில் எழுதி வருகிறேன்.

வோக்ஸ்வாகன் ரி2, வெஸ்ற்பாலியா நிறுவனம் உள்வேலை செய்த 'பேர்லின்' மாதிரி. கூரையைத் தூக்கினால் மேலே ஒரு படுக்கை. கீழே இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு குளிர்ப்பெட்டி. நான் 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்து, தளபாடத் தொழிற்சாலையில் பலகை அறுத்துப் பிழைத்தவன். ஆகவே எஞ்சினுக்கு முன்னர் என்னைப் பிடித்தது அந்த அலுமாரிகள்தான். மூலைகள் பொருந்தியிருந்த விதம் அப்படி.

அவற்றைச் செய்த ஊர் என் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். பெயர் வீடன்புறூக். தமிழ்க் காதோடு முதற்தரம் கேட்டபோது அதற்குள் 'வீடு' என்ற சொல்தான் எனக்கு விழுந்தது. 1844இல் அங்கே ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கியதுதான் வெஸ்ற்பாலியா. இன்று உலகம் முழுக்கக் கார்களின் பின்னால் தெரிகிறதே, இழுவை வண்டி பூட்டும் அந்த இரும்பு உருண்டை, அதை 1934இல் கொண்டுவந்தவர்களும் அவர்களே.

வானின் கதை வேறோர் ஊரில், போர் முடிந்த இடிபாட்டில் தொடங்குகிறது. வோக்ஸ்வாகனின் வொல்ஸ்பேர்க் தொழிற்சாலை அப்போது பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. உள்ளே சாமான் ஏற்றியிறக்க இராணுவம் இரவல் கொடுத்திருந்த பாரந்தூக்கிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டதால், வண்டுக் காரின் பாகங்களை வைத்து ஒரு தட்டு வண்டி செய்தார்கள். முன்னால் பலகைத் தட்டு, பின்னால் எஞ்சினுக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவார். கார் வாங்க வந்த பென் பொன் என்ற ஒல்லாந்து வியாபாரியின் கண்ணில் அது பட்டது. 1947 ஏப்ரல் 23ஆம் திகதி தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் கீறினார்: முன்னால் சாரதி, பின்னால் எஞ்சின், இடையில் சரக்கு. சின்னப் பிள்ளை கீறிய பாண் துண்டு போலிருக்கும். 1950 மார்ச்சில் அது 25 குதிரைவலுவோடு உற்பத்திக்கு வந்துவிட்டது.

அடுத்த வருடமே வெஸ்ற்பாலியா ஒரு பெட்டியைச் செய்தது. இந்தப் பெட்டியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 'காம்பிங் பெட்டி' என்று பெயர். மெத்தையை விரித்தால் படுக்கையாகும் இருக்கை, சிறிய அலுமாரி, மடக்கு மேசை. தேவையானபோது வானுக்குள் ஏற்றலாம், வேலை நாளில் இறக்கிவிடலாம். நிரந்தரமாகப் பூட்டிய வீடல்ல. ஏன் அப்படிச் செய்தார்கள்? சுற்றுலாவுக்கென்று தனி வண்டி வைத்திருக்க அன்றைய ஜேர்மன்காரரிடம் காசில்லை. ஒரு வண்டி உண்டு, அதுவே உழைக்கவும் வேண்டும்.

கொப்பியைத் தந்த அம்மா தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். மரக்கறி வியாபாரியாம். ஞாயிறு பின்னேரம் ஏரிக்கரையிலிருந்து வந்ததும் மச்சான்மாரைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கி, சாக்குப் போட்டு மூடி வைப்பாராம். திங்கள் விடியப்புறம் அதே இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை. "அடுத்த பயணத்தில் மெத்தையெல்லாம் மண் வாசம் அடிக்கும்" என்றார். இன்று இந்த வான்களைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிக் கண்ணாடி மண்டபத்தில் நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. மூட்டை சுமந்த முதுகு இது. ஓடத்தான் வேண்டும்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1956இல் உற்பத்தி ஹனோவருக்கு மாறியது. 1967இல் ஒற்றை முன்கண்ணாடியும் தள்ளுகதவுமாக ரி2 வந்தது. ஐரோப்பிய இளைஞர்கள் அதிலேறித் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி இந்தியா, நேபாளம் வரை போனார்கள். 1979இல் அந்தப் பாதையும் அடைபட்டது, ஹனோவரில் ரி2 செய்வதும் நின்றது. பிரேசிலில் மட்டும் 2013 முடியும்வரை செய்தார்கள்.

இனி என் கையில் உள்ளதைச் சொல்கிறேன். என்னுடையது 1.6 லீற்றர், 50 குதிரைவலு, காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேற்றர் இல்லை. எண்ணெய் வெறும் இரண்டரை லீற்றர், அதற்கு வடிகட்டியும் கிடையாது, ஒரு கம்பி வலைதான். ஆகவே 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆகவேண்டும்.

வால்வு இடைவெளி பார்ப்பதற்கு முதல்நாள் மாலையே வானை நிறுத்திவிடுவேன். இரவு முழுக்க ஆறி, தொட்டால் கை குளிர வேண்டும். விடிய, சக்கரத்துக்கு அருகே மட்டை விரித்து முதுகில் படுத்து, கம்பிக் கொளுக்கியைத் தள்ளி மூடியைக் கழற்றினால் முழங்கை வழியாக எண்ணெய் ஓடும். எஞ்சினைக் கையால் சுற்றி, 0.15 மில்லிமீற்றர் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். இறுகவும் கூடாது, தளம்பவும் கூடாது; தலைமுடி இரண்டு விரலுக்கிடையில் இழுபடுவது போல வரவேண்டும். இடைவெளி கூடினால் டக் டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, சூட்டில் அதன் விளிம்பு எரிந்துபோகும். சத்தம் போடும் வால்வுக்கு நான் பயப்படுவதில்லை. சத்தம் அடங்கிப்போன வால்வுக்குத்தான் பயம்.

கறள் இன்னும் பெரிய எதிரி. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அடித்தகட்டுக்குள் ஏறி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்னும். வாங்கிய புதிதில் ஒரு கராஜில் கொடுத்தேன். கறளை வெட்டி எடுக்காமல் மேலே பசை பூசி நிறம் அடித்துத் தந்தார்கள். இரண்டாம் மாரியில் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. பிறகு நானே வெல்டிங் பழகினேன். மூன்று அடுக்குத் தகடு; உள்ளடுக்கை ஒட்டாமல் வெளியடுக்கை ஒட்டுவதில் பயனில்லை. அதோடு குளிர்காலத்தில் வானை வெளியில் எடுப்பதையும் விட்டேன்.

முப்பது வயதாகி, பழைய நிலை மாறாமல் பேணப்பட்ட வண்டிக்கு ஜேர்மனியில் 1997இலிருந்து 'எச்' எழுத்துள்ள இலக்கத்தகடு கொடுக்கிறார்கள். வருட வரி 191 யூரோ. 2008இல் பரிசோதகர் வந்தபோது எஞ்சினைப் பார்த்ததைவிட அலுமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததுதான் எனக்குப் பெருமை. அன்று கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒவ்வொரு வருடமும் இதில்தான் போகிறோம். தள்ளுகதவைத் திறந்து வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினால், "அண்ணை, இது எந்த வருசத்து வான்?" என்று கேட்டுக்கொண்டு தம்பிமார் வந்துவிடுவார்கள். அவர்களில் சிலர் பழைய வான் வாங்கியும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடைசி விசயத்தை எழுதுகிறேன்.

என் சிநேகிதர் ஒருவரின் ரி2 ஏ1 நெடுஞ்சாலை ஓரத்தில் எரிந்தது. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுபவருக்குப் புகை தெரிவதில்லை. பின்னால் வந்த லொறிக்காரர் வெளிச்சம் அடித்துக் காட்டித்தான் நிறுத்தினார். பிள்ளைகளை இறக்கியதும் தீ கூரையைப் பிடித்துவிட்டது. எஞ்சின் உடல் மக்னீசியக் கலவை, பற்றினால் அணைப்பது கடினம். காரணம், காய்ந்து வெடித்த ஒரு பெற்றோல் குழாய்.

உங்களிடம் இப்படியொரு வான் இருந்தால், வருகிற சனிக்கிழமை பின்மூடியைத் திறந்து அந்தக் குழாயை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், மாற்றும்வரை எஞ்சினை இயக்காதீர்கள்.