நம்பர் சரி... உள்ளே இருக்கும் கார்டு? ஆன்லைனில் வாங்கிய 'கிரேடட்' கார்டில் சந்தேகம் வந்தால் என்ன செய்யணும்?

கூடைப்பந்து ஜாம்பவான் மைக்கேல் ஜோர்டனின் படம் போட்ட கார்டு அது. 1986-ல் அமெரிக்காவின் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும். 2021 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அதில் ஒரு கார்டு 7,38,000 டாலருக்குப் போனது. அதே கார்டின் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தால் விலை மளமளவென இறங்கிவிடும். அந்த வித்தியாசத்தை முடிவு செய்வது, கார்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் லேபிளில் உள்ள '10' என்ற எண்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த லேபிளையும் போலியாக அச்சடிக்க முடியும். போலி கிரேடு லேபிளுடன் ஜோர்டன் கார்டுகளையும் போக்கிமான் கார்டுகளையும் விற்றதாக, 2024 மே மாதம் நியூயார்க்கில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் இரண்டு பேர் மீது வழக்கு தொடர்ந்தனர். மோசடியின் மதிப்பு 20 லட்சம் டாலருக்கும் மேல் என்பது குற்றச்சாட்டு.

அப்போ, ஆசை ஆசையாக ஆன்லைனில் வாங்கிய கார்டு வீட்டுக்கு வந்த பிறகு, "இது ஒரிஜினல்தானா?" என்று மனசு உறுத்தினால்? பதறாமல், அதே நேரம் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

கிரேடிங் என்றால் என்ன?

கார்டு ஒரிஜினலா, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் கிரேடிங். இதைச் செய்யும் நிறுவனங்களில் பிரபலமானது, 1991-ல் தொடங்கிய அமெரிக்காவின் பிஎஸ்ஏ. பெக்கெட், சிஜிசி, எஸ்ஜிசி போன்றவையும் உண்டு. படம் நடுவில் சரியாக அமைந்திருக்கிறதா, நான்கு முனைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரங்கள், மேற்பரப்பு எப்படி என்று பார்த்து 1 முதல் 10 வரை கிரேடு கொடுப்பார்கள். பிறகு கார்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். இந்தப் பெட்டிக்கு 'ஸ்லாப்' என்று பெயர். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தனி சான்று எண் உண்டு. நம்மூர் தங்க நகையில் ஹால்மார்க் எண் இருப்பது மாதிரி.

நம்பர் சரியாக இருந்தால் போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பிஎஸ்ஏ இணையதளத்தில் சான்று எண்ணைப் போட்டால் கார்டின் பெயர், ஆண்டு, கிரேடு எல்லாம் வரும். எண்ணே இல்லை என்றாலோ, வேறு கார்டின் விவரம் வந்தாலோ சந்தேகம் உறுதியாகிறது. ஆனால் எல்லாம் பொருந்தினாலும், "இப்படி ஒரு கார்டு பதிவில் இருக்கிறது" என்பது மட்டும்தான் நிச்சயம். உங்கள் கையில் இருப்பது அதே கார்டுதான் என்பதற்கு அது ஆதாரம் இல்லை. ஏலத் தளங்களில் ஒரிஜினல் ஸ்லாபின் போட்டோ கிடைக்கும். அதில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போலி லேபிளில் அச்சடித்துவிடுவார்கள்.

எனவே எண்ணோடு படத்தையும் பாருங்கள். சமீப ஆண்டுகளில் கிரேடு செய்த பல கார்டுகளுக்குப் பதிவிலேயே போட்டோ இருக்கும். ஓரத்தின் அகலம், அச்சில் விழுந்த சின்னப் புள்ளி, கீறல் போன்றவை கார்டின் கைரேகை மாதிரி. அவை ஒத்துப்போக வேண்டும். பதிவில் போட்டோ இல்லையா? அதே எண்ணை இணையத்தில் தேடி, பழைய ஏலப் படங்களோடு ஒப்பிடலாம். அதே எண்ணில் இன்னொரு கார்டு வேறு எங்காவது விற்பனையில் இருந்தால், இரண்டில் ஒன்று போலி.

உங்கள் சந்தேகம் எந்த வகை?

சந்தேகம் மூன்று வகை. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் போவது என்பது முடிவாகும்.

1. ஸ்லாபே போலி: லேபிளின் எழுத்துரு, நிறம், இடைவெளி வித்தியாசமாக இருக்கும். அதே காலத்து ஒரிஜினல் ஸ்லாப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். லேபிள்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. அதனால் புதிய லேபிளில் உள்ள மின்னும் பாதுகாப்புச் சின்னம் பழையதில் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

2. ஸ்லாப் ஒரிஜினல், கார்டு மாற்றப்பட்டது: பாட்டில் ஒரிஜினல், உள்ளே சரக்கு டூப்ளிகேட் என்பார்களே, அந்தக் கதை. இந்தப் பெட்டிகள் அல்ட்ராசானிக் அதிர்வால் உருக்கி ஒட்டப்படுபவை. பிரித்து மூடினால் ஓரத்தில் விரிசல், வெண்மையான தேய்மானம், பசைத் தடம் தெரிய வாய்ப்புண்டு. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் கார்டின் அச்சையும் பாருங்கள். ஸ்கேன் எடுத்து அச்சடித்த போலிகளில், திட்டமாக இருக்க வேண்டிய கறுப்பு எழுத்துகளே புள்ளிப் புள்ளியாகத் தெரிவதுண்டு.

3. ஸ்லாப், கார்டு இரண்டும் ஒரிஜினல், கிரேடுதான் சந்தேகம்: இதுவும் நடக்கக்கூடியதுதான். பிஎஸ்ஏ முதலில் கிரேடு செய்தது, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் புகழ்பெற்ற பழைய கார்டு. கொடுத்த கிரேடு 8. ஆனால் அந்தக் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டியதாக, அதை முன்பு விற்ற ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

செய்யவே கூடாத தவறு எது?

"உள்ளே என்னதான் இருக்கு, பார்த்துடலாம்" என்று ஸ்லாபை உடைப்பது. உடைத்துவிட்டால் கார்டு உள்ளே எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் போச்சு. "நீங்களே கார்டை மாற்றியிருக்கலாமே" என்று விற்றவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பிஎஸ்ஏ-வின் உத்தரவாதமும் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தால் மட்டுமே செல்லும்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

முதல் இரண்டு வகை என்றால் விற்றவரிடமும் விற்பனைத் தளத்திடமும்தான் போக வேண்டும். போலி ஸ்லாபுக்கு கிரேடிங் நிறுவனம் பொறுப்பேற்காது.

இபே தளத்தில் வாங்கியிருந்தால், பொருள் கையில் கிடைத்து 30 நாளுக்குள் 'விவரித்தபடி இல்லை' என்று புகார் தர வேண்டும். "ரிட்டர்ன் கிடையாது" என்று விற்றவர் போட்டிருந்தாலும் இது பொருந்தும். பேபால் மூலம் பணம் கட்டியிருந்தால், கட்டிய நாளில் இருந்து 180 நாள் வரை புகார் தரலாம். ஆனால் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வழியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. "அந்த வழியில் அனுப்புங்க, விலையைக் குறைக்கிறேன்" என்று விற்பவர் சொன்னாலே உஷாராகிவிட வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடமும் முறையிடலாம்.

மூன்றாவது வகை என்றால் கிரேடிங் நிறுவனத்திடமே போகலாம். ஸ்லாபைப் பிரிக்காமல் மறுஆய்வுக்கு அனுப்ப பிஎஸ்ஏ-வில் வழி உண்டு. கார்டு போலி என்றோ, கிரேடு அதிகம் என்றோ தெரியவந்தால், உத்தரவாத விதிகளின்படி இழப்பீடு கிடைக்கும். லேபிளில் ஆண்டு, பெயர் தப்பாக அச்சானது போன்ற எழுத்துப் பிழைகளுக்கு இது பொருந்தாது.

எதை முதலில் செய்யணும்?

வரிசை ரொம்ப முக்கியம். மறுஆய்வுக்கு அனுப்பிவிட்டு, "முடிவு வரட்டும், அப்புறம் புகார் கொடுக்கலாம்" என்று காத்திருந்தால் 30 நாள் கெடு ஓடிவிடும். எனவே:

• ஸ்லாபின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்களைத் தெளிவாகப் போட்டோ எடுங்கள். பார்சலின் அட்டைப்பெட்டி, முகவரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

• விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது பிறகு நீக்கப்படலாம்.

• விற்றவரிடம் தளத்தின் மெசேஜ் வழியாகவே பேசுங்கள். "மோசடிக்காரர்" என்று திட்ட வேண்டாம். எண், படம், எங்கே பொருந்தவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அவரும் எங்கோ ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம்.

• பதில் வருகிறதோ இல்லையோ, கெடு முடிவதற்குள் தளத்தில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

• திருப்பி அனுப்பச் சொன்னால், டிராக்கிங் வசதியுள்ள பார்சலில், மதிப்புக்கு ஏற்ற காப்பீட்டோடு அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் முறையிடலாம்.

எல்லாக் கதவும் மூடிவிட்டால்? "நாம் ஏமாந்தோம், இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம்" என்று மட்டும் நினைக்கக் கூடாது. போலி என்று தெரிந்தே விற்றால், அந்த நிமிடத்தில் இருந்து நீங்கள் ஏமாந்தவர் இல்லை, ஏமாற்றியவர்.