ஆண்டுக்கு ஒரு மரம்

இந்த மாத அமர்வில் பியர் பாட்டிலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். குடியைப் பற்றி அல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். இங்கே கலிபோர்னியாவில் நான் லேபிள் வரைந்து பிழைப்பவன். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன். இரண்டுக்கும் அதிகத் தூரமில்லை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1876 ஜனவரி 1 அன்று இங்கிலாந்தில் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்வது தொடங்கியது. முதல் எண்ணில் பதிவானது பாஸ் என்ற பியர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். 1882-இல் எதுவார் மானே வரைந்த 'ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்' ஓவியத்தைப் பாருங்கள். பணிப்பெண்ணின் முன்னால் பளிங்கு மேடையில் அந்த முக்கோணம் போட்ட பாட்டில்கள் நிற்கின்றன. எழுத்தைப் படிக்கவே வேண்டாம், முக்கோணம் போதும். நேற்று குடித்ததேதான் இன்றும் என்று அது சொல்கிறது. அதனால் அது மாறவே கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் இது.

சரியாகத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கினார்.

அவர் ஃபிரிட்ஸ் மேடாக், சலவை இயந்திரம் செய்து பணக்காரரான குடும்பத்துப் பிள்ளை. 1896-இல் தொடங்கிய ஆங்கர் என்ற சிறிய பியர் ஆலை மூடப்படும் நிலையில் இருந்தது. 1965-இல் அதை வாங்கினார். அன்றைய அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு பல ஆலைகளை விழுங்கியிருந்தது. தப்பியவற்றைப் பெரிய நிறுவனங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. எழுபதுகளின் இறுதியில் நாடு முழுவதும் பியர் நிறுவனங்கள் நூறுகூட இல்லை. பெரியவர்களிடம் தொலைக்காட்சி விளம்பரம் இருந்தது. சின்ன ஆலைக்கு விளம்பரப் பலகை என்றால் பாட்டிலில் ஒட்டும் சில அங்குலத் தாள்தான்.

1975 கிறிஸ்துமஸுக்கு ஆங்கர் ஒரு தனிப் பியர் தயாரித்தது. லேபிளில் ஒரு மரம். வரைந்தவர் ஜிம் ஸ்டிட். அடுத்த ஆண்டு பக்குவம் மாறியது, மரமும் மாறியது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படியே. என்ன சேர்த்தார்கள் என்பது ரகசியம், மரம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு கழிந்து பூமி மறுபடி பிறப்பதற்கு மரம் பழைய அடையாளம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டிட்டே வரைந்தார். 2014-இல் ராட்சத செக்கோயா, 2018-இல் கொரியப் பைன். எழுத்துகளும் கையால் எழுதியவை. வாழ்த்தோடு அந்த ஆண்டும் அச்சாகியிருக்கும்.

பாஸின் முக்கோணம் 'நான் மாறவில்லை' என்றது. இந்த மரம் 'இந்த ஆண்டு வேறு, ஆனால் செய்வது அதே கை' என்றது. கையால் செய்யும் பொருளுக்கு இதைவிட நேர்மையான வாக்கு எனக்குத் தெரியவில்லை. படம் மாறினாலும் கோட்டை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள்.

2017-இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனம் ஆங்கரை வாங்கியது. 2021 ஜனவரியில் முக்கியமான லேபிள்களை எல்லாம் மாற்றினார்கள். தட்டையான நிறம், தடித்த எழுத்து. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. அந்தத் தரப்பில்தான் நான் நின்றேன்.

ஏனென்றால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதையே நானும் செய்திருந்தேன். நண்பர் ஒருவர் இஞ்சியைப் புளிக்கவைத்துப் பானம் தயாரித்து விற்றார். லேபிளில் அவர் அம்மா வரைந்த இஞ்சிச் செடி இருந்தது. கிழங்கு பார்க்க விரல் மடக்கிய கை மாதிரி இருக்கும். "அண்ணா, ஆறடி தள்ளி நின்றால் இது என்னவென்றே தெரியாது" என்று வாதாடி எடுக்க வைத்தேன். பெரிய எழுத்து, ஒரே நிறம். விற்பனை குறையவில்லை. ஆனால் ஒருநாள் கடையில் அதைத் தேடினேன். பக்கத்தில் இருந்தவை எல்லாமே பெரிய எழுத்து, ஒரே நிறம். நான் வரைந்ததை என்னாலேயே உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

2023 ஜூலையில் ஆங்கர் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. லேபிளை மாற்றியதால் மூடினார்கள் என்று சொன்னால் அது பொய். பெருந்தொற்று, விலைவாசி, போட்டி என்று காரணங்கள் இருந்தன. 2024-இல் தயிர்த் தொழிலதிபர் ஹம்தி உலுகாயா அதை வாங்கினார். ஆனால் மூடும் செய்தி வந்த வாரம் மக்கள் வரிசையில் நின்று பாட்டில்களை வாங்கினார்கள். வீட்டில் சேர்த்துவைத்திருந்த பழைய மரங்களைப் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். தட்டையான நிறத்தை யாரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை.

அன்றிரவு இஞ்சி நண்பரை அழைத்தேன். அம்மா வரைந்த மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். "உன்னிடம்தானே கொடுத்தேன் தம்பி" என்றார். என் பழைய கணினிகளை எல்லாம் திறந்து பார்த்துவிட்டேன். இல்லை. அவர் அம்மாவும் இப்போது இல்லை.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.