பச்சைப் பலகைக் கடைகள்

2007க்கு முன் நைரோபியில் வேலை பார்த்த ஒருவர் மேற்குக் கென்யாவில் இருக்கும் அம்மாவுக்கு ஆயிரம் ஷில்லிங் அனுப்ப நினைத்தால், அதற்கு இருந்த வழிகள் சொற்பம். தபால் ஆபீசில் மணியார்டர் உண்டு. அது போய்ச் சேர நாளாகும். வாங்கப் போகும் அம்மாவும் தபால் ஆபீஸ் இருக்கும் ஊர்வரை நடக்க வேண்டும். வங்கிக் கணக்கு? 2006இல் நடந்த கணக்கெடுப்பின்படி கென்யாவில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது கிடையாது. மிச்சமிருந்தது பஸ். ஊர்ப்பக்கம் போகும் வண்டியின் டிரைவர் கையிலோ, விடுமுறைக்குக் கிளம்பும் சொந்தக்காரர் கையிலோ உறையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். பெரும்பாலும் போய்ச் சேரும். சில நேரம் கொஞ்சம் இளைத்துப் போய்ச் சேரும். வழிப்பறிக்காரர்களுக்கும் இந்த உறைகள் எந்த வண்டியில் வரும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த உறையின் இடத்தைப் பிடித்த சேவையின் பெயர் எம்-பெசா. இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கட்டம் போட்ட அட்டையை ஸ்கேன் செய்து டீக்காசு கொடுக்கிறோமே, அதற்குப் பத்தாண்டு முன்பே, பட்டன் வைத்த சாதாரண போனில் ஒரு நாடு இதைச் செய்து பார்த்துவிட்டது. சொல்லப்போனால், அதை ஆரம்பித்தவர்கள் செய்ய வந்த காரியமே வேறு.

பிரிட்டனின் வோடஃபோன் நிறுவனத்தில் இருந்த நிக் ஹியூஸ் மனதில் இருந்தது குறுங்கடன். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கி வாராவாரம் தவணை கட்டுவார்கள் அல்லவா? அந்தத் தவணையைப் போனிலேயே கட்ட வைத்தால் கடன் நிறுவனத்தின் செலவு குறையும், குறைந்தால் இன்னும் பல பேருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது கணக்கு. பிரிட்டன் அரசின் வெளிநாட்டு உதவித் துறை ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு தந்தது. நிறுவனமும் அதற்கு ஈடாகத் தன் பங்கைப் போட்டது. கென்யாவில் வோடஃபோனுக்குப் பங்கு இருந்த சஃபாரிகாம் நிறுவனத்தில் வேலை தொடங்கியது. களத்தில் நின்று நடத்தியவர் சூசி லோனி. கடன் கொடுக்கும் பங்காளி ஃபௌலு கென்யா என்ற குறுங்கடன் நிறுவனம்.

2005 அக்டோபரில் வெள்ளோட்டம். நைரோபி நகர மையம், மத்தாரே சேரிப்பகுதி, நகருக்கு வடக்கே தீக்கா என்று மூன்று இடங்கள். எட்டுக் கடைகள், சுமார் ஐந்நூறு வாடிக்கையாளர்கள். முதல் சில வாரங்கள் பெரும்பாடு. போனில் பேசத் தெரிந்தவர்களுக்கு மெனுவைத் திறந்து எண்ணைத் தட்டி ரகசிய எண் போடுவது புதுசு. கடன் நிறுவனத்துக்கு வேறு தலைவலி. அவர்கள் கணக்கு காகிதத்தில் ஓடியது. போன் கணக்கு கம்ப்யூட்டரில் ஓடியது. இரண்டையும் ஒட்ட வைக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. போனிலேயே தவணை கட்டிவிட்டால் வாரக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கேட்கும் அந்தக் கூட்டம்தான் குறுங்கடனுக்கே பிடிமானம்.

ஆனால் அந்த ஐந்நூறு பேர் வேறு சில காரியங்களைத் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவருடைய தவணையைக் கட்டினார். சிலர் ஊரில் இருக்கும் உறவினருக்குப் போனில் பேசும் நேரத்தை (டாக்டைம்) வாங்கி அனுப்பினார்கள். வேறு சிலர் பயணம் கிளம்பும்போது ஒரு கடையில் பணத்தைப் போட்டு, இறங்கும் ஊரில் இன்னொரு கடையில் எடுத்துக்கொண்டார்கள். வழியில் மடி காலி, பயமில்லை. வியாபாரிகள் அன்றைய வசூலை இரவுக்குள் உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கடன் தவணை என்ற மூலக் காரணத்தைத் தாண்டி மற்ற எல்லாமே நடந்தது.

இதைக் கண்டுகொண்டதுதான் லோனியும் சஃபாரிகாமும் செய்த புத்திசாலித்தனம். கடன் கதையை ஓரம் கட்டினார்கள். 2007 மார்ச் 6இல் சேவை நாடு முழுக்க வெளிவந்தபோது விளம்பரம் ஒரே விஷயத்தைச் சொன்னது: வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள். ஓராண்டுக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டிவிட்டது.

போனைப் பற்றித்தான் உலகம் எழுதித் தள்ளியது. உண்மையில் பாரத்தைத் தூக்கியது பச்சைப் பலகை மாட்டிய கடை. பேசும் நேரம் விற்கும் முகவர், மளிகைக்காரர், பெட்ரோல் பங்க், மருந்துக் கடை என்று பலர் எம்-பெசா முகவர்கள் ஆனார்கள். அவர்கள் வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

முகவரிடம் இரண்டு விதப் பணம் இருக்கும். கல்லாவில் நோட்டு, போனில் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய மின்னிருப்பு. இரண்டும் ஐம்பதாயிரம் ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் வந்து இரண்டாயிரம் போடச் சொல்கிறாள். அடையாள அட்டையைப் பார்க்கிறார், தேதி, தொகை, அட்டை எண், போன் எண் எல்லாவற்றையும் தடித்த பேரேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார், தன் போனில் தட்டுகிறார். இரண்டு போனிலும் குறுஞ்செய்தி வந்து விழுகிறது. இப்போது கல்லாவில் ஐம்பத்திரண்டாயிரம், போனில் நாற்பத்தெட்டாயிரம். கூட்டிப் பார்த்தால் அதே ஒரு லட்சம். அவருக்குக் கிடைப்பது கமிஷன் மட்டும். பணம் போடுவதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணமே கிடையாது. ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு அனுப்ப 30 ஷில்லிங், எடுக்கும்போது தொகைக்குத் தக்கபடி தனிக் கட்டணம். போடுகிறவரிடம் வாங்காத காசுக்கும் முகவருக்குக் கமிஷன் தர வேண்டும் என்று சஃபாரிகாம் முடிவெடுத்ததால்தான் கடைக்காரர்கள் இதில் அக்கறை காட்டினார்கள்.

சிக்கல், பணம் ஒரே திசையில் ஓடுவதில் இருந்தது. நைரோபியில் எல்லோரும் போடுகிறார்கள். அங்கே கல்லா நிரம்பி வழியும், போன் வறண்டுபோகும். கிராமத்தில் எல்லோரும் எடுக்கிறார்கள். போன் நிறையும், நோட்டு தீர்ந்துவிடும். மாதக் கடைசியில், பள்ளிக் கட்டணம் கட்டும் காலத்தில், நாளைக்கு வா என்று சொல்லி அனுப்ப வேண்டிய நிலை. ஊரார் முகத்தில் விழிக்க வேண்டிய கடைக்காரருக்கு அது சாதாரண விஷயமில்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்து டவுன் வங்கிக்குப் போய் மின்னிருப்பைக் கொடுத்து நோட்டு வாங்கி வர வேண்டும். இந்த ஓட்டத்தைச் சமாளிக்கவே பல கடைகளுக்கு மேல் ஒரு மொத்த முகவர் என்ற அடுக்கு உருவானது. காற்றில் பறக்கும் பணம் என்று பத்திரிகைகள் வர்ணித்த சேவையின் கீழே, பையில் நோட்டுக் கட்டோடு பஸ் ஏறிய ஆட்கள் இருந்தார்கள்.

வங்கிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு போன் கம்பெனி மக்கள் பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். 2008 டிசம்பரில் தற்காலிக நிதியமைச்சராக இருந்த ஜான் மிச்சுகி தணிக்கைக்கு உத்தரவிட்டார். அடுத்த மாதமே மத்திய வங்கி, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை விட்டது. ஏற்பாடு அப்படி: வாடிக்கையாளர் போட்ட ஒவ்வொரு ஷில்லிங்கும் வணிக வங்கியில் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், சஃபாரிகாம் அதைத் தொட முடியாது.

அதற்குள் நாடு ஒரு பெரிய சோதனையைத் தாண்டியிருந்தது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கலவரம் மூண்டது. நைரோபியின் சேரிகளில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே கால் வைக்க முடியாத நாட்களில், உறவினர்கள் போன் வழியாகப் பணமும் பேசும் நேரமும் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் கிபேரா சேரியிலும், அங்கிருந்து பணம் போகும் புக்குரா என்ற கிராமத்திலும் ஆய்வு செய்த ஓல்கா மொராவ்சின்ஸ்கி, கவர்ச்சியான கதைகளில் அகப்படாத சில விஷயங்களைக் கண்டார். பெண்கள் பலர் கணவனுக்குத் தெரியாமல் போனில் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். மெத்தைக்கு அடியில் வைத்தால் அவன் கைக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், பணத்தைப் போனிலேயே அனுப்பிவிடும் கணவர்கள் ஊருக்கு வருவது குறைந்துவிட்டது என்று மனைவிகள் குறைப்பட்டார்கள். பணம் ஒழுங்காக வந்தது, ஆள்தான் வரவில்லை.

பொருளாதார நிபுணர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கணக்கு இன்னும் பெரிய படம். கென்யக் குடும்பங்களில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 1,94,000 குடும்பங்கள், இந்தச் சேவையால் கடும் வறுமையிலிருந்து வெளியேறின என்றார்கள். பலன் அதிகம் தெரிந்தது பெண் தலைமையில் இருந்த வீடுகளில்.

பணம் அனுப்பும் வழி கிடைத்ததும் அதன்மேல் மற்றவை முளைத்தன. 2011இல் சு கஹும்பு என்ற விவசாயி தொடங்கிய ஐகௌ, மாடு எப்போது சினைக்கு வரும், கன்று ஈனும் நாள் எது, என்ன தீவனம் என்று குறுஞ்செய்தி அனுப்பியது. சாதாரண போன் போதும். அடுத்த ஆண்டு எம்-கோபா சந்தைக்கு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதே நிக் ஹியூஸ். மண்ணெண்ணெய் விளக்குக்குச் செலவாகும் காசையே தினத்தவணையாக எம்-பெசாவில் கட்டினால் கூரைக்கு ஒரு சூரியத் தகடு, சில விளக்குகள், போன் சார்ஜர். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். தவணை நின்றால் விளக்கும் நின்றுவிடும். கடன் வசூலிப்பவர் வாசலுக்கு வர வேண்டியதில்லை. 2014இல் அரசின் இ-சிட்டிசன் தளம் வந்தபின் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கான கட்டணமும் இதே வழியில் போனது. இத்தனைக்கும் 2015 ஏப்ரல் வரை, நைரோபித் தெருவில் தக்காளிக்குக் கொடுத்த காசின் கணக்குகூட ஜெர்மனியில் இருந்த சர்வர்களுக்குப் போய்த்தான் திரும்பியது.

வெளிநாடுகளில் கதை ஒரே மாதிரி அமையவில்லை. ஆப்கானிஸ்தானில் 2009இல் வர்தாக் மாகாணப் போலீசாருக்குச் சம்பளத்தை இதே முறையில் நேரே போனுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சம்பளம் உயர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்களாம். உயரவில்லை, நடுவில் மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டிருந்த பங்குதான் நின்றது. தென்னாப்பிரிக்காவில் 2010இல் ஆரம்பித்து 2016இல் மூடிவிட்டார்கள்; அங்கே பலருக்கு ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. இந்தியாவில் 2013இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து வந்த எம்-பெசா, ஆறாண்டுக்குமேல் தாங்கவில்லை. வங்கி வழியாகத்தான் பணம் ஓட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உறுதியாக இருந்தது. 2016இல் வந்த யுபிஐ, வங்கிக் கணக்குகளையே நேருக்கு நேர் இணைத்துவிட, இடையில் இன்னொரு பர்ஸ் தேவைப்படவில்லை.

கென்யாவிலும் எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. மட்டாட்டு என்று அழைக்கப்படும் தனியார் மினிபஸ்களில் கைக்காசை ஒழிக்க 2014இல் அரசு கெடு வைத்தது. கைக்காசுக்குப் பதிலாக வந்த கட்டண அட்டையைக் கண்டக்டர்கள் தொடவே மறுத்தார்கள். கணக்கில் வராத காசு குறைந்தால் அவர்கள் பிழைப்பு எங்கே? கெடு வந்தது, போனது. நோட்டும் சில்லறையும் தொடர்ந்தன.

கடைசியில் கடன் என்ற பழைய எண்ணம் திரும்பி வந்தது, வேறு வேஷத்தில். 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி: போன் உபயோகத்தைப் பார்த்தே உடனடிக் கடன். 2019 ஜனவரியில் ஃபுலிசா: கணக்கில் காசு போதாவிட்டாலும் குறைபடும் தொகையைச் சேர்த்து அனுப்பிவிடும், பிறகு வசூலித்துக்கொள்ளும். ரொட்டி வாங்கக்கூட ஃபுலிசாவை நாடுவோர் உண்டு. இவற்றோடு, சொந்தச் செயலிகள் வைத்திருந்த கடன்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். சில நூறு ஷில்லிங் பாக்கிக்காகவும் வாடிக்கையாளர் பெயர் கடன் தகவல் நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது. 2020இல் மத்திய வங்கி, ஆயிரம் ஷில்லிங்குக்குக் கீழ் இருந்தால் பெயரை ஏற்றக் கூடாது என்று தடுத்தது. பேரேட்டில் கையெழுத்து வாங்கிய முகவருக்கு ஆளின் முகம் தெரியும். இந்தச் செயலிகளுக்குத் தெரிந்தது போனில் இருந்த தொடர்பு எண்கள் மட்டும். தவணை தவறினால் மாமியாருக்கும் முதலாளிக்கும் போன் போட்டுக் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் கடன் செயலிகளிடம் மாட்டியவர்களுக்கு இந்த வகை போன் அழைப்புகளைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கென்யாவில் 2021 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, டிஜிட்டல் கடன் கொடுப்போர் மத்திய வங்கியிடம் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். 2022இல் வந்த விதிகள், தவணை தவறியவரின் போனில் இருக்கும் எண்களுக்கு அழைத்து அவரை அவமானப்படுத்துவதைத் தடுத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியும் தன் வழிகாட்டுதலில், கடன் செயலிகள் போனின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக் கூடாது என்று எழுதியது.