பதிவு செய்யப் போனவர்கள்

அமெரிக்காவில் முஸ்லிம்கள், குடியேறிகள் உரிமை பற்றிப் பேச்சு வந்தால், 2017-இல் டிரம்ப் போட்ட பயணத் தடையிலிருந்துதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அதுக்கு 15 வருஷம் முன்னாடியே ஒரு பதிவேடு இருந்தது. அதைப் பற்றிப் பேசறவங்க குறைவு.

2002 ஜூனில் அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் ஒரு சிறப்புப் பதிவுத் திட்டத்தை அறிவித்தார். சுருக்கமா ‘என்சீர்ஸ்’. செப்டம்பர் 11 முதல் வெளியிலிருந்து வருபவர்களுக்கு அமலானது. நவம்பரிலிருந்து, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் கைரேகை, போட்டோ கொடுத்து விசாரணைக்கு உட்பட வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் விலக்கு.

உத்தரவில் மதத்தின் பெயரே கிடையாது, நாடுகளின் பெயர்தான். ஆனா பட்டியலைப் பாருங்க: வட கொரியாவை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெரும் எண்ணிக்கையிலோ வாழும் நாடுகள். இடையில் ஆர்மீனியாவையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள்.

முதல் கெடு 2002 டிசம்பர் 16. ஈரான், இராக், லிபியா, சூடான், சிரியா நாட்டவருக்கு. தெற்குக் கலிஃபோர்னியாவில் தாங்களாகவே வரிசையில் போய் நின்ற நூற்றுக்கணக்கானோரை அங்கேயே பிடித்து வைத்தார்கள். பெரும்பாலும் ஈரானியர். அவர்களில் பலர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பாகிஸ்தானியர்களின் முறை வந்தபோது, நியூயார்க்கில் புரூக்ளினின் கோனி ஐலண்ட் அவென்யூ பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, கனடா எல்லையில் போய் அடைக்கலம் கேட்டார்கள்.

உள்நாட்டில் பதிந்தவர்கள் 83,000-க்கும் மேல். அதில் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தல் வழக்கு. பயங்கரவாதக் குற்றத்துக்காக இதன் மூலம் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. யோசிச்சா ஆச்சரியமில்லை. தீங்கு செய்ய நினைக்கிறவன் கைரேகை கொடுக்க வரிசையில் நிற்க மாட்டான். நிற்கிறவன் சட்டத்துக்குப் பயந்தவன்.

சரி, குற்றமே செய்யாத ஒருத்தரை எப்படிப் பிடித்து வெளியே அனுப்ப முடிகிறது? இதுக்கு 1892-க்குப் போகணும். அந்த வருஷம் வந்த கியரி சட்டம், சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வாங்கியே ஆகணும் என்றது. இல்லாதவர், தான் முன்பே இங்கு வசித்ததை நிரூபிக்க ஒரு வெள்ளைக்காரரின் சாட்சியம் வேண்டும். ‘பதியாதீர்கள்’ என்று சீனர் சங்கங்கள் சொல்ல, பெரும்பான்மையோர் பதியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1893-இல், ஃபோங் யூ டிங் வழக்கில் 5-க்கு 3 என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. நீதிமன்றம் சொன்னது இதுதான்: நாடு கடத்தல் என்பது தண்டனை அல்ல. தண்டனை இல்லைன்னா, குற்ற வழக்கில் கிடைக்கும் ஜூரி விசாரணை போன்ற பாதுகாப்புகளும் இல்லை. நீதிபதி ப்ரூவர் இதை ஏற்கவில்லை. வீடு, குடும்பம், தொழில் எல்லாத்தையும் விட்டுப் போகச் சொல்வது தண்டனையேதான் என்பது அவர் கருத்து.

2018-இல் பயணத் தடையை 5-க்கு 4 என்று ஏற்ற அதே தீர்ப்பில், ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களுக்கு அனுப்பியதை ஆதரித்த 1944 கொரமட்சு தீர்ப்பு தவறு என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். எல்லோரும் அதைக் கவனித்தார்கள். ஃபோங் யூ டிங்கை யாரும் தொடவில்லை. ‘தண்டனை அல்ல’ என்ற வாதம் இன்றைக்கும் நிற்கிறது.

என்சீர்ஸ் விதிகளை 2016 டிசம்பரில் ஒபாமா அரசு அடியோடு நீக்கியது. ஆனா 2025 ஏப்ரல் 11 முதல், 1940-ஆம் ஆண்டின் அந்நியர் பதிவுச் சட்டத்தைக் காட்டி, இதுவரை பதியாத 14 வயது நிரம்பிய வெளிநாட்டவர் எல்லோரும் பதிய வேண்டும் என்கிறார்கள். இப்போது எந்த நாடு என்ற கணக்கே இல்லை. ஆவணம் இல்லாதவருக்கு இரண்டே வழி: பதிந்தால் இருக்கும் இடம் அரசுக்குத் தெரியும், பதியாவிட்டால் அதுவே குற்றம். 2002-இல் வரிசையில் நின்றவர்களுக்கு என்ன ஆச்சு என்பது தெரிந்தே இன்றைக்கு அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.