இரு நாழிகையில் மூன்று பயிற்சிகள்

வைகறையில் எழுந்து உடலை இயக்குதலும், சிந்தையைக் கூர்மையாக்குதலும், இறைவனைத் தொழுதலும் நாளின் நல்ல தொடக்கமெனப் பலரும் கூறுவர். ஆயினும், நடைப்பயிற்சி, குறுக்கெழுத்துப் புதிர், வழிபாடு என மூன்றையும் தனித்தனியே வகுத்துக்கொண்டோர், நேரம் குறுகும் நாளில் முதலில் கைவிடுவது வழிபாட்டையே. சமண மரபோ இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்தே வளர்த்தது.

இல்லறத்தாராகிய சிராவகர்க்கு விதிக்கப்பட்ட சிக்கை விரதங்களுள் ஒன்று சாமாயிகம். சமந்தபத்திரர் இதனை இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கினார். தமிழில் அருங்கலச்செப்பு எடுத்துரைத்தது. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, இதற்குரிய காலமாக வழக்கில் நிலைபெற்றது. இன்றைய கணக்கில் அது 48 நிமிடம்.

சாமாயிகத்தில் உடலுக்கும் பணி உண்டு. பாதங்களிடையே நான்கு அங்குல இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்பது காயோத்சர்க்கம். அந்நிலையில் பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை, 27 மூச்சுகளில் நினைப்பர். ஒரு நமஸ்காரத்திற்கு மூன்று மூச்சு என்பது கணக்கு. பின்னர்க் குவித்த கைகளை மும்முறை சுழற்றித் தலைவணங்குவர். நான்கு திசைகளிலும் இவ்வாறு செய்ய, ஆவர்த்தம் பன்னிரண்டும் வணக்கம் நான்கும் ஆகும். கழுகுமலையில் நின்ற கோலத்தில் காணப்படும் பாகுபலியின் சிற்பம் இக்காயோத்சர்க்க நிலையையே காட்டுகிறது. இது நடைப்பயிற்சிக்கு மாற்றன்று. உடலை அடக்கி ஆளக் கற்பிக்கும் பயிற்சி.

மனத்திற்கு உரிய பயிற்சி ஆனுபூர்வி. பல்லாண்டு சொல்லிப் பழகிய மந்திரத்தை நா தானே உச்சரிக்கும்; மனமோ கடைத்தெருவில் திரியும். இக்குறை நீக்க முன்னோர் எண்ணின் துணையை நாடினர். அருகர் 1, சித்தர் 2, ஆசாரியர் 3, உபாத்தியாயர் 4, சாதுக்கள் 5 எனக் கொண்டு, அவ்வெண்களை வரிசை மாற்றி எழுதினர். 3, 1, 5, 2, 4 என்றிருப்பின், ஆசாரியர் வணக்கத்தில் தொடங்கி உபாத்தியாயர் வணக்கத்தில் முடித்தல் வேண்டும். ஐந்து எண்களை 120 வகையாக வரிசைப்படுத்தலாம். கட்டத்திற்கு ஆறு வரிசையாக இருபது கட்டங்கள் கொண்ட சிறுநூல்கள், சுவேதாம்பரப் பிரிவினரிடையே பெரிதும் வழங்குகின்றன. நேர்வரிசையும் தலைகீழ் வரிசையும் நீங்க, எஞ்சிய 118 வரிசைகளை அநானுபூர்வி என்பது அனுயோகத்துவார சூத்திரத்தின் வழக்கு. ஒரு கணம் கவனம் சிதறினும் வரிசை தவறிவிடும். ஆகவே புதிரே வழிபாட்டிற்குக் காவலாயிற்று.

எண்ணின்பால் சமணர் கொண்ட ஈடுபாட்டிற்குச் சான்றுகள் பல. கஜுராஹோவின் பார்சுவநாதர் ஆலயத்தில் 1 முதல் 16 வரையுள்ள எண்களாலான கட்டம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் அதன் கூட்டுத்தொகை 34. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர், பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளைக் கணிக்கும் பொது விதியைக் கணிதசாரசங்கிரகத்தில் தந்தார். அந்நூல் 1912இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

இம்மரபு ஏட்டிலும் கல்லிலும் மட்டும் நின்றுவிடின் பயனில்லை. மந்திரத்தை மனனம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் பேரனிடம், ஐந்து எண்களின் 120 வரிசைகளையும் எழுதச் சொல்லும் பாட்டனார், அவனுக்குப் புதிரோடு பரமேட்டிகள் ஐவரையும் அறிமுகப்படுத்துகிறார். பெயரன் எழுதிய வரிசையைப் பாட்டனார் மறுநாட் காலையில் பிழையின்றி ஓதுவாராயின், இருவர்க்கும் அது பயிற்சி. இருவர்க்கும் அது வழிபாடு. ஒரு தாளும் எழுதுகோலும் இரண்டு நாழிகைப் பொழுதும் அதற்குப் போதும்.