வெள்ளவத்தை மில்லும் 1933இன் வேலைநிறுத்தமும்

வெள்ளவத்தை என்றதும் இன்றைய தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது காலி வீதியின் புடவைக் கடைகளும் சைவ உணவகங்களும் அடுக்குமாடி வீடுகளுமே. புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்து தங்கும் இடமாகவும் அது ஆகிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பெயர் ஒரு தொழிற்சாலையையே குறித்தது. ஹெவ்லொக் வீதியில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்ற பெயரில் வானளாவும் கோபுரங்கள் நிற்கும் நிலத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியது. சிங்களத்தில் 'ரெதி மோல', எம்மவர் வாயில் வெறுமனே 'மில்'. 1930களில் இலங்கையின் மிகப் பெரிய துணி ஆலை அதுவே.

1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஆலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம், இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயமாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் அதனை லங்கா சமசமாஜக் கட்சியின் பிறப்புக்கு முன்னுரையாகக் காண்பர். அது தவறன்று. ஆயினும் அந்த ஆலைவாசலில் நடந்த வேறொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொழிலாளியைத் தொழிலாளியாகப் பார்ப்பதா, இனத்தவனாகப் பார்ப்பதா என்ற கேள்வி, கொழும்பில் ஒரு தொழிற்சங்கத்தை நேருக்கு நேர் பிளந்த இடம் அது.

இதனை விளங்கிக்கொள்ள ஏ.ஈ. குணசிங்கவிடம் செல்ல வேண்டும். இலங்கை நகர்ப்புறத் தொழிலாளரை முதன்முதலாக ஓர் அமைப்பாகத் திரட்டியவர் அவர். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே சுமார் 20,000 பேர் பங்குகொண்ட பொது வேலைநிறுத்தம் கொழும்பை உலுக்கியது. 1927இல் துறைமுகத் தொழிலாளர் 13,000 பேர் வேலையை நிறுத்தினர். 1929இல் ட்ராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தின்போது மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். படித்த கனவான்களெல்லாம் சர்வசன வாக்குரிமைக்கு அஞ்சிய காலத்தில், டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதனை வற்புறுத்திய மிகச் சிலருள் குணசிங்கவும் ஒருவர்.

அந்தக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். பின்னாளில் மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடி. சிங்களத் தொழிலாளியையும் இந்தியத் தொழிலாளியையும் ஒரே மேடையில் நிறுத்திய இணைப்பு அது. பத்திரிகையாளர் தொழிற்சங்கவாதியாகவும், தொழிற்சங்கவாதி பத்திரிகை நடத்துபவராகவும் இருந்த காலமும் அதுவே. ஆலைச் செய்தி, சம்பளக் குறைப்பு, கங்காணியின் கெடுபிடி, சந்தாக் கணக்கு எல்லாம் இத்தகைய ஏடுகளில்தான் அச்சேறின. பெரிய தினசரிகளுக்கு அவை செய்தியாகவே தோன்றவில்லை.

இந்த இணைப்பு 1920களின் இறுதியில் முறிந்தது. இந்தியத் தொழிலாளர் பற்றிய குணசிங்கவின் நோக்கு மாறத் தொடங்கியதே காரணம். அதனை அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இறப்பர், தேயிலை, தெங்கு மூன்றும் விலை வீழ்ந்தன. கொழும்பில் வேலையில்லாதோர் தொகை பெருகியது. முதலாளியோடு மோதிப் பெறக்கூடியது எதுவும் இல்லாத வேளையில், பக்கத்தில் நிற்கும் அந்நியனைச் சுட்டிக்காட்டுவது எளிது. அந்த அந்நியன் மலையாளி. கள்ளிறக்குவோராகவும், தேநீர்க்கடை நடத்துவோராகவும், ஆலைத் தொழிலாளராகவும் கேரளத்திலிருந்து வந்தோர் அக்காலக் கொழும்பில் பெருந்தொகையினர். 'கொச்சி' என்று இளக்காரமாக அழைக்கப்பட்டவர்கள். குணசிங்கவின் 'வீரயா' ஏடு அவர்களுக்கு எதிரான பிரசாரத்தை முன்னெடுத்தது. தொழிலாளரை ஒன்றுசேர்க்கவென்று பிறந்த ஏடு, தொழிலாளருள் ஒரு பகுதியினரை வெளியேற்றச் சொல்லும் ஏடாயிற்று.

வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளருள் பெரும்பான்மையினர் மலையாளிகளே. 1933இல் அவர்கள் வேலையை நிறுத்தியபோது குணசிங்கவின் சங்கம் அதனை ஏற்கவில்லை. இதற்கு இன உணர்வு மட்டுமே காரணம் என்று கூறுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. 1929இல் முதலாளிமார் சம்மேளனத்துடன் அவரது தொழிற்சங்கக் காங்கிரஸ் ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. சங்கத்தை முதலாளிகள் அங்கீகரிப்பர். சங்கம் முன்னறிவித்தலின்றி வேலைநிறுத்தத்தில் இறங்காது. ட்ராம் போராட்டத்தில் சிந்திய இரத்தத்தின் பின் கிடைத்த வெற்றி அது. அதுவே நான்கு ஆண்டுகளில் தளையாகவும் மாறியது. அங்கீகாரம் பெற்ற சங்கம் அந்த அங்கீகாரத்தைக் காப்பதற்காகவே தொழிலாளரைத் தடுக்க நேர்வதை எந்த நாட்டிலும் காணலாம். எனினும் வேலைநிறுத்தத்தை ஏற்க மறுப்பது வேறு, அதனை முறியடிக்க ஆட்களை அனுப்புவது வேறு. குணசிங்க இரண்டாவதையும் செய்தார். மலையாளித் தொழிலாளி வெளியே நிற்க, அவனது இடத்துக்கு ஆள் உள்ளே சென்றது.

கைவிடப்பட்டோர் பக்கம் வந்து நின்றவர்கள், வெளிநாடுகளில் படித்துத் திரும்பியிருந்த தென் கொழும்பு வாலிபர் சங்கத்து இளைஞர்கள். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 'கம்கருவா' (தொழிலாளி) என்ற சிங்கள ஏட்டையும் அவர்கள் வெளியிட்டனர். ஒழுங்காக வெளிவராத சிற்றேடுதான். ஆயினும் மலையாளித் தொழிலாளியின் நியாயத்தைச் சிங்களத் தொழிலாளிக்குச் சிங்களத்திலேயே எடுத்துச் சொல்ல முற்பட்டவர்கள் அவர்கள். இன்றும் இந்த நாட்டில் அரிதாகவே செய்யப்படும் காரியம் அது.

வேலைநிறுத்தம் பெருவெற்றி என்று சொல்லத்தக்கதாக முடியவில்லை. அதன் விளைவு வேறு வழியில் வந்தது. அந்த இளைஞர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். அடுத்த ஆண்டு பிலிப் குணவர்த்தனவும் என்.எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தபோது, விசாரணையில் தொழிலாளர் சார்பில் வாதாடியவரும் அதே கொல்வின்தான்.

மலையாளிகளுக்கு என்ன நேர்ந்தது? 'வீரயா' எழுதிய சொற்கள் சில ஆண்டுகளில் அரசாங்கக் கொள்கையாயின. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கிருந்த இந்தியரை நீக்க முடிவு செய்யப்பட்டது. ஜவஹர்லால் நேரு வந்து பேசியும் பயனில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் இந்திய அரசும் கூலித் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. கொழும்பின் மலையாளச் சமூகம் மெல்லக் கரைந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இன்னொரு பெருந்தொகைத் தொழிலாளர், இம்முறை மலையகத் தமிழர், நாடற்றவராயினர். சமசமாஜிகள் அதனை எதிர்த்து வாக்களித்தனர்.

1966 ஜனவரியில், டட்லி சேனநாயக்க அரசு தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனவர்களுள் சமசமாஜக் கட்சியினரும் இருந்தனர். 'டட்லியின் வயிற்றில் மசாலா வடை' என்ற அக்காலக் கோஷத்தை எம்மவர் இன்றும் மறக்கவில்லை. 1972இன் குடியரசு அரசியலமைப்பை, சோல்பரி யாப்பில் சிறுபான்மையோருக்கிருந்த 29ஆம் பிரிவின் காப்பு இன்றி வரைந்த அமைச்சர், முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தை ஆலைவாசலில் மலையாளித் தொழிலாளருக்குத் தலைமை தாங்கிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா.