ஆறு நிமிடமும் எட்டு நிமிடமும்: பட்டாசுத் தொழிலில் நார்கோலெப்சி மாத்திரையின் பாதுகாப்பு குறித்து

நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்) உள்ள பெரியவர்களுக்கு விழிப்பூட்டும் மோடாஃபினில் மாத்திரை கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், நம் மருத்துவ எழுத்து ஏறத்தாழ ஒரே விடையைச் சொல்லி வந்திருக்கிறது: தோல் தடிப்பைப் பார், இரத்த அழுத்தத்தைப் பார், கூட என்ன மருந்து எடுக்கிறார் என்று விசாரி. இவை அனைத்தும் தேவை. ஆனால் இந்த விடை மாத்திரை உடலுக்குள் செய்வதோடு நின்றுவிடுகிறது. மாத்திரை போட்டவர் அதன்பின் எங்கே போய் உட்காருகிறார் என்று அது கேட்பதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பட்டாசு வட்டாரத்தில் இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் வாதம். அந்த எழுத்தின் ஒரு கிளை, ஒழுங்காக மாத்திரை எடுக்கும் தொழிலாளி பழைய வேலைக்கே திரும்பலாம் என்றும் சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன.

அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 1998-லும் 2000-த்திலும் வெளியான இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகளே அந்த ஆதாரம். ஒன்பது வாரம் சிலருக்கு 200 மி.கி., சிலருக்கு 400 மி.கி., சிலருக்குப் போலி மாத்திரை. மங்கிய வெளிச்சத்தில் நோயாளியை உட்கார வைத்து, தூங்காமல் இருக்க முயலுமாறு சொல்லி, 20 நிமிடம் வரை பார்ப்பார்கள். பகலில் பலமுறை இது நடக்கும். மாத்திரைக்கு முன் சராசரியாக 6 நிமிடத்தில் உறங்கியவர்கள், மாத்திரைக்குப் பின் சராசரியாக 8 நிமிடம் தாங்கினார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களிடம் இந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே மாத்திரை வேலை செய்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை.

முரண்பாடு அந்த 8 நிமிடத்தைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. இதே சோதனையில் நோயற்றவர் 18 நிமிடத்தை ஒட்டி விழித்திருப்பார். 6-லிருந்து 8-க்கு வந்தவர் இன்னும் நோயாளியின் கரையிலேயே நிற்கிறார். தூக்க உணர்வை நோயாளி தானே மதிப்பிடும் எப்வொர்த் அளவையிலும் மதிப்பெண் சுமார் 4 புள்ளி இறங்கியது. இறங்கிய பின்னும் இயல்பின் எல்லையான 10-க்கு மேலேயே இருந்தது. மருந்தின் அமெரிக்க விவரக் குறிப்பே, இதை எடுப்பவரின் விழிப்பு இயல்புநிலைக்குத் திரும்பாமல் போகலாம், எஞ்சிய தூக்கத்தை அடிக்கடி மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் வாகனம் ஓட்டுவதையும் ஆபத்தான வேலையையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும் என்று மருத்துவரை எச்சரிக்கிறது. “இப்போ தேவலை டாக்டர், சுறுசுறுப்பா இருக்கு” என்று நோயாளி சொல்வது பொய்யாகாது. ஆறோடு ஒப்பிட்டால் எட்டு பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைத் தகுதிச் சான்றாக மாற்றிக்கொண்டது நம் பிழை.

மங்கிய அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதும் வெளிச்சத்தில் கைவேலை செய்வதும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, அடுக்கிய குழாய்களில் ஒரே அளவாகக் கலவையை இறக்குகிற வேலை. காலையிலிருந்து மாலைவரை அதே கையசைவு. நார்கோலெப்சியில் மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு குறி உண்டு: ஆள் சில நொடிகள் உறங்கிவிட்ட பின்னும் கை தன் வேலையைத் தொடரும். எழுதிக்கொண்டிருந்தால் எழுத்து கோணிக் கிறுக்கலாகும். செலுத்தும் அறையில் அதே கை அளவு தவறும், உரசக்கூடாததை உரசும். பழகிய கைவேலை இந்த நோயை மறைக்கிறதே தவிரத் தடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கவனிக்கும்படி அவர் தலைசாய்ந்து விழவும் மாட்டார்.

கேட்டாப்ளெக்சி உள்ளவரின் நிலை இன்னும் கடினம். சிரிப்பு வந்தால் தசை தளர்ந்து கையிலிருப்பது நழுவும். மோடாஃபினில் இதைக் கட்டுப்படுத்துவதில்லை. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

அளவைக் கூட்டினால் போதும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 400 மி.கி. 200-ஐவிடச் சீராகக் கூடுதல் பலன் தந்ததற்குச் சான்றில்லை. போர் விமானிகளுக்குக் கொடுக்கிறார்களே என்பதும் இங்கே பொருந்தாது, அவர்கள் நோயற்றவர்கள். நோய் அரிது, லட்சத்தில் 25 முதல் 50 பேருக்கே வருகிறது என்பார்கள். ஆனால் சிவகாசி அருகே முதலிபட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஒரே பட்டாசு ஆலை விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும். அதில் தூக்கத்துக்குப் பங்கிருந்ததாக நான் சொல்லவில்லை. ஒரு கைப்பிழையின் விலையை அந்தக் கைக்குரியவர் மட்டும் கொடுப்பதில்லை என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

வழக்கமான எச்சரிக்கைகளும் இந்த மண்ணில் வேறு உருவம் எடுக்கின்றன. மோடாஃபினிலால் அரிதாக வரும் கடுமையான தோல் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் தலைகாட்டும். தடிப்பு கண்டால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். கை முழுக்க அலுமினியத் தூள் மினுங்க வீடு திரும்புகிறவருக்குத் தோல் அரிப்பது புதிதா? வெடிமருந்துத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் மாத்திரை போடுவார். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே தோலைப் பார்த்துக் குறித்து வைப்பதும், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்து வந்தால் அதைத் தூளின்மேல் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவதும் இங்கே கட்டாயம்.

பெண்கள் மிகுந்த தொழில் இது. மோடாஃபினில் ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என்னும் இதற்கு விலக்கல்ல. மோடாஃபினில் எடுக்கும்போது கருத்தரித்தால் கருவில் குறைபாடு நேரும் அபாயம் பற்றி பிரிட்டன் 2020-ல் எச்சரித்திருக்கிறது. காப்பர்-டி போன்ற வழியை மோடாஃபினில் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். மோடாஃபினிலை நிறுத்திய பின் ஒரு மாதம் கவனம் போதும் என்கிறது அமெரிக்கக் குறிப்பு, இரண்டு மாதம் என்கிறது பிரிட்டன்; நான் இரண்டையே சொல்வேன். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரிடம் மோடாஃபினிலின் அளவு இறங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நோயறிதலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து வேன் பிடிப்பவர் நாள்பட்ட தூக்கக் கடனில் இருப்பவர். பகலில் எவ்வளவு விரைவாக உறங்குகிறார் என்று பார்க்கும் பகல்துயில் சோதனையில் அவரும் நார்கோலெப்சிக்காரரைப் போலவே தெரியலாம். சோதனைக்கு முன் இரண்டு வாரமாவது போதிய தூக்கம் உறுதியாகாமல் மாத்திரை எழுதுவது, தூங்கவிடாத வாழ்க்கைக்கு மருந்து கொடுப்பதாக முடியும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் இதை மிகக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

நோயாளியை வேலையைவிட்டு விரட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெடிமருந்து தொடாத வேலைகள் இத்தொழிலில் இருக்கின்றன: காகிதக் குழாய் சுற்றுதல், லேபிள் ஒட்டுதல், பெட்டி மடித்தல். மருத்துவர் தரும் சான்றில் ‘பணிக்குத் தகுதி’ என்ற ஒற்றை வரி போதாது. கலவை அறைக்கும் செலுத்தும் அறைக்கும் தகுதியில்லை, மற்ற பணிகளுக்குத் தகுதி என்று அறை சொல்லி எழுத வேண்டும். இடம் மாறினால் கூலி குறையும் என்று தெரிந்தால் நோயாளி மாத்திரையை ஒளித்துப் போட்டுக்கொண்டு அதே அறைக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூலி வித்தியாசத்தை உரிமம் வைத்திருக்கும் நிர்வாகமே ஏற்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத வரை, பட்டாசுத் தொழிலாளிக்கு மோடாஃபினில் எழுதும் மருத்துவர் சிகிச்சையில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறார்.